நின்றுபோன வண்டியும் மூன்று கேள்விகளும்



சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தா நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், விடியற்காலையில் கும்மிடிப்பூண்டிக்கு அருகே நின்று பார்த்தால் ஒரு காட்சியைக் காணலாம். சிப்காட் தொழிற்பேட்டையின் முதல் ஷிப்டுக்குச் செல்லும் இளைஞர்கள் வரிசை வரிசையாக மோட்டார் சைக்கிள்களில் விரைவார்கள். அவர்களுக்கு இருபுறமும் இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகளும் டிரெய்லர்களும் செல்லும். அந்த வரிசையில் ஒரு வண்டி எப்படியும் சாலையோரம் நின்றிருக்கும். அதன் சொந்தக்காரர் கிக்கரை மிதித்து மிதித்து வியர்த்திருப்பார். சற்று நேரம் கழித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் கடையைத் தேடிப் புறப்படுவார்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிகளில் அறிவியல் கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். நான் மெக்கானிக் அல்லன். ஆயினும் அந்தக் காட்சியைக் காணும்போதெல்லாம் என் மனத்தில் ஓர் எண்ணம் தோன்றும். யந்திரம் பெரும்பாலும் திடீரென்று நிற்பதில்லை. நிற்பதற்கு முன் பலமுறை நமக்குச் சொல்லிப் பார்க்கிறது. நின்ற பின்னரும், நாம் ஒழுங்காகக் கேட்டால் காரணத்தைச் சொல்கிறது. அதனிடம் கேட்கும் முறை எது என்பதையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். இங்கிலாந்தில் ரெட்டிட்ச் என்னும் ஊரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார் 1901-ஆம் ஆண்டிலேயே மோட்டார் சைக்கிள் செய்தார்கள். 'புல்லட்' என்னும் பெயருடைய வண்டி 1932-இல் பிறந்தது. நாடு விடுதலை பெற்ற பின் எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி வேண்டும் என்று கருதிய நமது இராணுவம் புல்லட்டைத் தேர்ந்தது. அதன் பயனாக 1955-இல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் ஆங்கில நிறுவனத்தாரும் கூடி, என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். நம் வட்டாரத்தின் தென்கோடியில், எண்ணூருக்குப் போகும் வழியில் உள்ள திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பொருத்தினார்கள். பின்னர் அப்பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றார்கள். 1970-இல் இங்கிலாந்தில் தாய் நிறுவனத்தின் உற்பத்தி நின்றுபோயிற்று. தாய் மறைந்த பின்னரும் சேய் திருவொற்றியூரில் வளர்ந்தது.

தாழ்ந்த இருக்கையும் அகன்ற கைப்பிடியும் கொண்டு, காலை முன்னே நீட்டிச் சாய்வாக அமர்ந்து நெடுந்தூரம் செல்வதற்கென்று அமைந்த வண்டியை இன்று 'குரூசர்' என்று அழைக்கிறார்கள். 2002-இல் வெளிவந்த தண்டர்பேர்டும், 2020-இல் வெளிவந்த மீட்டியர் 350-உம் அவ்வகையின. உருவம் மாறினாலும் அவற்றின் அடிப்படை, பழைய புல்லட்டைப் போலவே ஒற்றை சிலிண்டர் எஞ்சின்தான்.

அந்த எஞ்சினை ஒரு கணக்காகப் பார்ப்போம். பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மில்லிமீட்டர். உருளையின் கன அளவு காணும் சூத்திரம் உங்களுக்குத் தெரியும். ஆரம் 3.5 சென்டிமீட்டர், உயரம் 9 சென்டிமீட்டர் என்று வைத்துப் பெருக்கினால் 346 கன சென்டிமீட்டர் வரும். வண்டியின் பக்கவாட்டில் எழுதியுள்ள 350 என்ற எண்ணின் பொருள் இதுவே. இச்சிறிய அறைக்குள் நான்கு வீச்சுகள் நடைபெறுகின்றன. உறிஞ்சும் வீச்சில் பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே வருகின்றன. அமுக்க வீச்சில் அக்கலவை நெருக்கப்படுகிறது. அந்த வீச்சு முடியும் தறுவாயில் பிளக்கில் பொறி பறந்து கலவை எரிய, ஆற்றல் வீச்சில் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. வெளியேற்று வீச்சில் புகை போகிறது. எஞ்சின் இரண்டு முறை சுழன்றால் ஒரு முறை பொறி வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும் எஞ்சினில், ஒரு விநாடிக்கு 25 முறை இவ்வளவும் நடந்தாக வேண்டும்.

ஆகவே எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று: சரியான கலவை, போதிய அமுக்கம், உரிய நேரத்தில் பொறி. நின்றுபோன வண்டியிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும் மூன்றே. பெட்ரோல் வருகிறதா? பொறி வருகிறதா? அமுக்கம் இருக்கிறதா?

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். வகுப்பில் கரும்பலகையில் படம் வரைந்து கற்பித்தும் இருந்தேன். ஆனால் உண்மையாகக் கற்றது 1992-ஆம் ஆண்டில், ஒரு மாணவனிடம்.

அப்போது நான் ஆரம்பாக்கம் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். எங்கள் மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மையம் கும்மிடிப்பூண்டியில் அமைந்திருந்தது. என்னிடம் பழைய புல்லட் ஒன்று இருந்தது. தேர்வுக்கு முதல் நாள் மாலை அதைக் கழுவி, பெட்ரோல் டாங்கி கண்ணாடிபோல் மின்னும்படி மெழுகுப் பாலிஷ் போட்டேன். டாங்கி நிறையப் பெட்ரோலும் நிரப்பினேன்.

மறுநாள் காலை வழியில் பஸ் நிறுத்தத்தில் என் மாணவன் ஒருவன் தனியே நின்று அழுதுகொண்டிருந்தான். பஸ்ஸைத் தவறவிட்டு விட்டான். அடுத்த பஸ் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. அவனைப் பின்னே ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். ஓரிரு கிலோமீட்டர் சென்றிருப்போம். வண்டி இருமிற்று, இழுவை குறைந்தது, நின்றுவிட்டது.

உடனே பிளக்கைக் கழற்றினேன். சற்றே கருமை படிந்திருந்தது. துடைத்து மாட்டி உதைத்தேன், கிளம்பிற்று. 'பிளக்தான்' என்று தீர்மானித்தேன். சிறிது தூரத்தில் மறுபடியும் நின்றது. இந்த முறை பிளக்கைத் துடைத்தேன், பாயிண்டைத் தேய்த்தேன், கார்புரேட்டரின் திருகையும் திருப்பினேன். கிளம்பிற்று. எதனால் கிளம்பியது என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் முறையும் நின்றபோது மணி ஒன்பதரையைத் தாண்டிவிட்டது. ஓர் ஆண்டுப் படிப்பு என் பின்னால் நின்றுகொண்டிருந்தது. என் கை நடுங்கியது.

அந்தப் பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சார், நீங்க பிளக்கைக் கழற்றி மாட்டுகிற நேரம் முழுவதும் வண்டி சும்மா நிற்கிறது. சும்மா நின்றதாலேயே கிளம்புகிறதோ என்னவோ? எண்ணெய் டின்னில் ஒரே துளை போட்டால் எண்ணெய் ஊற்றாது, இன்னொரு துளை வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தீர்களே!"

நான் டாங்கியின் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே புகுந்தது. மூடியில் காற்றுப் புகுவதற்கென்று ஒரு சிறு துளை உண்டு. நான் ஆசையோடு பூசிய மெழுகு அதில் புகுந்து உறைந்திருந்தது. கீழே பெட்ரோல் இறங்க இறங்க மேலே காற்று வர வழியில்லை. டாங்கிக்குள் அழுத்தம் குறைந்தது. பெட்ரோல் இறங்க மறுத்தது. டாங்கி நிறைந்திருந்ததால் உள்ளே காற்றுக்கு இருந்த இடம் மிகச் சிறிது. ஆகவே அழுத்தம் விரைவில் குறைந்தது. வண்டி நின்றிருந்த சில நிமிடங்களில் இடுக்கு வழியாகச் சிறிது காற்றுக் கசிந்து புகும்; அதனால் மறுபடி கிளம்பும். பையன் தன் ஜியோமிதிப் பெட்டியைத் திறந்து கவராயத்தை நீட்டினான். அதன் முனையால் துளையைக் குத்தித் துப்புரவு செய்தேன். அதன்பின் வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. முதல் மணி அடிக்கும்போது பையன் தேர்வுக் கூடத்தின் வாயிலில் இருந்தான்.

காற்றழுத்தப் பாடத்தை நடத்தியவன் நான். அதைப் பயன்படுத்தியவன் அவன். அன்று நான் செய்த பிழைகள் இரண்டு. ஒன்றுக்குப் பின் மற்றொன்று நடந்ததால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று கொண்டேன். பிளக்கைத் துடைத்த பின் கிளம்பியது, துடைத்ததால் கிளம்பவில்லை. அடுத்து, ஒரே நேரத்தில் மூன்று மாற்றங்கள் செய்தேன். அப்படிச் செய்தால் குணம் கண்டாலும் நோய் இன்னதென்று தெரியாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்று உங்களுக்குச் சொல்கிறோம் அல்லவா? சாலையோரத்துக்கும் அவ்விதியே.

இனி அந்த மூன்று கேள்விகளை முறையாகக் கேட்கும் வழியைச் சொல்கிறேன். அதற்கும் முன்னால் எளிய சோதனைகள் சில உண்டு. வண்டியைப் போக்குவரத்துக்கு ஒதுங்கிய இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சினை நிறுத்தும் சிவப்பு சுவிட்சு தவறுதலாக அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில புதிய வண்டிகளில் பக்கத்து ஸ்டாண்டு இறங்கியிருந்தால் கியர் போட்டவுடன் எஞ்சின் நின்றுவிடும், அதையும் பாருங்கள். இவ்வளவில் கிளம்பிவிடும் வண்டிகள் அநேகம்.

முதற்கேள்வி, பெட்ரோல் வருகிறதா? டாங்கியை ஆட்டிப் பாருங்கள். பழைய வண்டியானால் குழாய்த் திருகு திறந்திருக்கிறதா, ரிசர்வில் வைத்தால் ஓடுகிறதா என்று பாருங்கள். மூடியைத் திறந்து மூடுங்கள். கார்புரேட்டரில் செருகியுள்ள ரப்பர்க் குழாயைக் கழற்றிச் சிறு பாத்திரத்தில் பிடித்தால் பெட்ரோல் தாராளமாக ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் வடிகட்டியில் அடைப்பு இருக்கலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போதும், அருகில் நெருப்பு இருக்கும்போதும் இச்சோதனையைச் செய்யவே கூடாது. பெட்ரோல் ஊசி முறையில் பாய்ச்சப்படும் புதிய வண்டிகளில் குழாய்க்குள் மிகுந்த அழுத்தம் இருக்கும். ஆகவே அங்கே குழாயைத் தொடாதீர்கள். சாவியைத் திருப்பியவுடன் டாங்கிக்குள் பம்பு சில விநாடிகள் முனகும் ஒலியைக் கேளுங்கள். அவ்வொலி வராவிட்டால் ஃப்யூஸைப் பாருங்கள்.

இரண்டாம் கேள்வி, பொறி வருகிறதா? பழைய வண்டியில் பிளக்கைக் கழற்றி, அதன் வயரில் மீண்டும் செருகி, பிளக்கின் இரும்பு உடல் எஞ்சினைத் தொடும்படி வைத்துக் கிக்கரை மிதியுங்கள். சிந்திய பெட்ரோல் அருகில் இருத்தலாகாது. பிளக்கைத் துளைக்கு அருகிலும் வைத்தலாகாது. நீலப் பொறி பளிச்சென்று தோன்றினால் நன்று. பிளக்கின் நிறமும் செய்தி சொல்லும். முனை இளம் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது காற்று வடிகட்டியில் அடைப்பு. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு; எஞ்சின் அளவுமீறிச் சூடாகிறது. எண்ணெய்ப் பசை இருந்தால் ஆயில் மேலேறி எரிகிறது.

மூன்றாம் கேள்வி, அமுக்கம் இருக்கிறதா? இதைக் காலே அறியும். கிக்கரை மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் எதிர்த்து நிற்க வேண்டும். எதிர்ப்பே இன்றி இறங்கினால் வால்வோ பிஸ்டன் வளையமோ பழுதுற்றிருக்கலாம். அது சாலையோர வேலையன்று. மெக்கானிக்கிடம் செல்ல வேண்டியதே. ஆனால், "பெட்ரோலும் பொறியும் வருகின்றன, அமுக்கம் இல்லை" என்று அவரிடம் சொல்லக்கூடியவனுக்குக் காலமும் பணமும் மிச்சமாகும்.

நோய் வந்தபின் பார்ப்பதைவிட வராமல் காப்பது மேலல்லவா? வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் போதும்.

டயரில் காற்றை, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் அளக்க வேண்டும். அளவு கைப்புத்தகத்தில் இருக்கும். வண்டியை நேராக நிறுத்தி ஆயில் மட்டம் பாருங்கள். பிரேக்கை அழுத்திப் பாருங்கள். வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால் கட்டை தேய்ந்திருக்கலாம், அல்லது திரவம் குறைந்திருக்கலாம். டிஸ்க் பிரேக்கின் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஆகவே அளவு குறையாவிடினும் குறித்த காலத்தில் அதை மாற்றியாக வேண்டும். கிளட்ச் கேபிளில் ஓரிரு இழை அறுந்திருந்தால் அது முழுவதும் அறுந்துபோகும் நாள் தொலைவில் இல்லை என்று கொள்ளுங்கள்.

செயினைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இரு பல்சக்கரங்களுக்கும் நடுவே செயினை விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிமீட்டர் அசைவு இருத்தல் பல வண்டிகளுக்குப் பொருந்தும். உங்கள் வண்டிக்குரிய அளவைக் கைப்புத்தகத்தில் காண்க. மிகவும் இறுக்கினால் பேரிங்குகள் கெடும். மிகவும் தளர்ந்தால் ஓட்டத்தில் பல்லைவிட்டுக் கழன்று, பின்சக்கரத்தையே பூட்டிவிடக்கூடும். பின்னால் டிரெய்லர் லாரி வரும் சாலையில் அதன் பொருள் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. செயினைத் துடைக்கும்போதும் எண்ணெய் இடும்போதும் எஞ்சின் நின்றிருக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டுத் துணியால் செயினைத் துடைக்கப்போய் விரலை இழந்தவர்கள் உண்டு.

நம் வட்டாரத்துக்கென்று சில எதிரிகள் இருக்கின்றன. உருக்காலைகளின் பக்கம் தூசி மிகுதி. காற்று வடிகட்டியைப் பிற ஊர்க்காரர்களைவிட அடிக்கடி பார்க்க வேண்டும். எண்ணூர், பழவேற்காடு பக்கம் கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும்; வண்டியை நல்ல நீரால் கழுவி, பாட்டரி முனைகளில் வாசலைன் தடவுங்கள். இன்று விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலும் ஈரத்தை ஈர்க்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் பழைய பெட்ரோலை நம்பலாகாது.

எல்லாவற்றிலும் பெரிய எதிரி வெள்ளம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வீசிய 2023 டிசம்பரிலும் நம் பகுதியில் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின. நீர் வடிந்தவுடன் சாவியைத் திருப்பியவர்கள் பெருநட்டம் அடைந்தார்கள். ஏன்? காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கையில் பிஸ்டன் மேலேறினால் வழியின்றி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மூழ்கிய வண்டியைக் கிளப்ப முயலாதீர்கள். பாட்டரி இணைப்பை எடுத்துவிட்டு மெக்கானிக்கிடம் தள்ளிச் செல்லுங்கள். அவர் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பின்னரே எஞ்சின் சுழல வேண்டும்.

"இன்றைய வண்டிகளில் எல்லாம் மின்னணு மயம், நாம் செய்ய என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். எஞ்சினின் உள்ளே நமக்கு வேலை குறைந்தது உண்மையே. ஆனால் காற்றும், ஆயிலும், செயினும், பிரேக்கும் இன்னும் நம் பொறுப்பாகவே இருக்கின்றன. உயிரைக் காப்பவையும் அவையே. விளக்கு எரிந்து எச்சரிக்கும்வரை காத்திருப்பவன், பேசத் தெரிந்த யந்திரத்தைக் கூச்சலிட வைக்கிறான்.

அன்று என்னோடு வந்த பையன் தேர்வில் வென்று, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் வேலை கற்றான். இப்போது ஓர் ஆலையில் யந்திரப் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறான். அவன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். சென்ற ஆண்டு அவனைக் கண்டபோது, அவன் வண்டியின் பக்கப் பெட்டியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கக் கண்டேன். தேதி, ஓடிய கிலோமீட்டர், கண்ட குறை, செய்த வேலை என்று நான்கு பத்திகள் போட்டு வரிசையாக எழுதியிருந்தான். "எல்லாம் நினைவில் இருக்கும் என்று நினைப்போம் சார்; இருக்காது" என்றான்.

நீங்களும் அப்படியொரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் இல்லாதவர்கள் தங்கள் சைக்கிளுக்கே தொடங்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வரியை எழுதுங்கள்.